தனி லைன்

வண்டிக்கு ஸ்டாண்டு போட நேரமில்லை. அப்படியே காம்பவுண்டுச் சுவரில் சாய்த்துவிட்டு, சாவிக்கொத்தை உருவிக்கொண்டு வயர்மேன் மீட்டர் பெட்டியை நோக்கி ஓடினான்.

"விலகுங்க, விலகுங்க, மாப்பிள்ளை வந்துட்டாரு!" என்று கத்தியது எதிர்வீட்டு டிரைவர். ஃபோன் பண்ணிக் கூப்பிட்டவரும் அவர்தான்.

இரும்புப் பெட்டியின் பூட்டு திறக்கவில்லை. சாவியைத் தலைகீழாகப் போட்டிருந்தான். எடுத்துத் திருப்பிப் போட்டான், திறந்தது. உள்ளே இருந்த கைப்பிடியை இரண்டு கையாலும் கீழே இழுத்தான். டக்கென்று விழுந்தது.

"இறங்கிடுச்சா?"

"இறங்கிடுச்சு, இறங்கிடுச்சு."

ஷெட் வாசலில் பாதித் தெரு நின்றிருந்தது. உள்ளே மாமனார் மட்டும். வெல்டிங் மிஷின்மேல் ஒருக்களித்துச் சாய்ந்து, ஒரு கால் மடங்கி, வலது கை முன்னால் நீண்டு கிடந்தார். அந்தக் கையில் ராடு மாட்டும் ஹோல்டர் இருந்தது. மாமியார் ஒட்டடைக் கம்பைப் பிடித்தபடி வாசலோரம் நின்றாள். கம்பின் மறுமுனை அவர் தோளைத் தொட்டுக்கொண்டிருந்தது.

அவன்தான் முதலில் தொட்டான்.

உடம்பு சூடாக இருந்தது. அதை நம்பித்தான் அவன் அவரைக் கீழே கிடத்தி, நெஞ்சில் கையை வைத்து அழுத்த ஆரம்பித்தான். வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு ரப்பர் பொம்மையை வைத்துக் கற்றுக்கொடுத்த வித்தை அது. பொம்மை எழுந்திருக்காது என்று அப்போது எல்லோரும் சிரித்தார்கள். இப்போது அவன் "மாமா, மாமா" என்று ஒவ்வொரு அழுத்தத்துக்கும் ஒரு தரம் கூப்பிட்டான். டிரைவர் வேனை எடுத்து வந்து ஷெட்டுக்கு முன்னால் நிறுத்தினார். இரண்டு பேருமாகத் தூக்கிப் போட்டுக்கொண்டு போனார்கள்.

டாக்டர் ரொம்ப நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. கண்ணைப் பிரித்துப் பார்த்தார், கழுத்தில் விரலை வைத்தார். என்ன ஆச்சு என்றார். கரண்ட் அடிச்சிடுச்சு என்று நாலு பேர் ஒரே குரலில் சொன்னார்கள். "இதயம் நின்னு போயிருக்கு. கொஞ்சம் முன்னாடி கொண்டு வந்திருந்தா பாத்திருக்கலாம்" என்றார். அறுத்துப் பார்க்கவேண்டுமா என்று கேட்டதற்கு, அதுவரை பேசாமல் இருந்த மாமியார் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். அவ்வளவுதான். காலையில் போட்ட சட்டையோடு போனவர், மதியத்துக்குள் அதே சட்டையோடு வீடு திரும்பி முன்னறைக் கட்டிலில் படுத்துக்கொண்டார்.

மாமனாரைத் தெருவில் ஸ்டோர்காரர் என்றுதான் சொல்வார்கள். வேலை பார்த்த காலம் முழுக்க ஒரு தொழிற்சாலையின் ஸ்டோர் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து வெல்டர்களுக்கு ராடு எண்ணிக் கொடுத்தவர். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் நீலப் பொறி பறக்கும். இந்தப் பக்கம் இவர் எண்ணிக்கொண்டிருப்பார். ஒரு நாளாவது அந்தப் பொறியைத் தன் கையால் பறக்கவிட வேண்டும் என்று ஆசை. ஓய்வு பெற்ற கையோடு, கம்பெனியில் கழித்துப் போட்ட மிஷின் ஒன்றை வாங்கி வீட்டு ஷெட்டில் இறக்கிவிட்டார். இருநூற்றைம்பது ஆம்ப் மிஷின், ஒரு சின்ன யானைக்குட்டி கனம். நாலு பேர் தூக்கி வைத்தார்கள். நாலு பேருக்கும் இடுப்பு பிடித்துக்கொண்டது.

"இதுக்கு கரண்ட் எங்கேருந்து மாமா?" என்று வயர்மேன் அன்றைக்கே கேட்டான்.

"வீட்ல இல்லாத கரண்டா மாப்ள? ஏசி பாயிண்ட்ல சொருகிக்க வேண்டியதுதான்."

"ஏசி குடிக்கிறது ஒரு டம்ளர்னா இது குடிக்கிறது ஒரு குடம். வயர் தாங்காது."

தாங்குமா தாங்காதா என்று பார்த்துவிடலாம் என்று, மாப்பிள்ளை இல்லாத நேரமாகப் பார்த்துச் சொருகிவிட்டார் மனுஷன். ராடைத் தொட்டதும் வீட்டு விளக்கெல்லாம் மங்கியது. எதிர்வீட்டு டிரைவர் பார்த்துக்கொண்டிருந்த மேட்ச் அணைந்தது. கடைசிப் பந்து அது. டிரைவர் இன்றுவரை அதைச் சொல்லிக் காட்டாத நாளில்லை. பிளக் உருகி சாக்கெட்டோடு ஒட்டிக்கொண்டது. மாமியார் படுக்கையறையில் பிளாஸ்டிக் தீய்ந்த நாற்றம் போக ஒரு வாரம் ஆயிற்று. அந்த ஒரு வாரமும் அவள் புருஷனோடு பேசவில்லை.

பிறகு த்ரீ ஃபேஸ் வாங்கலாமா என்று பேச்சு வந்தது. மிஷின் அதற்கும் ஒத்துவரும். மின் அலுவலகத்தில் போய்க் கேட்டால், வீட்டுக்கு எதுக்குய்யா த்ரீ ஃபேஸ், மாவு மில் வைக்கப் போறீங்களா என்றார்கள். கம்பம் மாற்ற வேண்டும், முறை வர மாதக்கணக்கில் ஆகும் என்றார்கள். ஸ்டோர்காரருக்கு அவ்வளவு பொறுமை இல்லை. "அதுக்குள்ள நான் போய்ச் சேர்ந்துடுவேன் மாப்ள" என்பார். எதற்கெடுத்தாலும் அவர் சொல்லும் வார்த்தை அது, யாரும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்கள்.

கடைசியில் வயர்மேன் தானே ஒரு வழி செய்தான். வீட்டு வயரிங்கையே தொடக்கூடாது. மீட்டரிலிருந்து நேராக ஷெட்டுக்குத் தனி லைன், கட்டைவிரல் தடிமன் கேபிள், தனி மெயின் சுவிட்ச். சுவரில் மூடி போட்ட பெரிய சாக்கெட், அதற்கேற்ற பிளக், சொருகித் திருகிப் பூட்டுகிற மாதிரி. தோட்டத்தில் ஆள் உயரத்துக்குக் குழி வெட்டிக் கரியும் உப்பும் கொட்டி எர்த். எங்காவது துளி கரண்ட் கசிந்தால் தானே விழுந்துவிடுகிற டிரிப் சுவிட்ச் ஒன்று. மெல்லிய ராடு மட்டும்தான் போட வேண்டும், மிஷினின் கரண்டை முழுசாகத் திருகி ஏற்றக்கூடாது என்று கண்டிஷன். இதற்குமேல் பாதுகாப்பாக ஒரு வெல்டிங் லைன் அந்த ஊரில் எந்தப் பட்டறையிலும் கிடையாது. அவனுக்கே அதில் கொஞ்சம் கர்வம் இருந்தது.

இரண்டு இடத்தில்தான் அவன் விட்டுக்கொடுத்தான்.

மெயினை ஷெட் கதவுக்குப் பக்கத்திலேயே வைக்கலாம் என்றான். "பேத்தி கைக்கு எட்டும். மீட்டர் பக்கத்துல பெட்டி போட்டுப் பூட்டிடுங்க" என்றார் ஸ்டோர்காரர். பூட்டு என்றால் அவருக்கு உயிர். வீட்டில் சர்க்கரை டப்பாவுக்குக்கூடப் பூட்டு போடச் சொன்ன ஆள். ஒரு சாவி அவர் சட்டைப் பையில், இன்னொன்று வயர்மேனின் வண்டிச் சாவிக்கொத்தில்.

இன்னொன்று, அந்த டிரிப் சுவிட்ச். பழைய மிஷின் என்பதால் ராடைத் தொடும்போதெல்லாம் விழுந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு தடவையும் சாவியை எடுத்துக்கொண்டு மீட்டர் பெட்டிக்கு நடந்து நடந்து ஸ்டோர்காரருக்குக் கால் வலி. "மாப்ள, இது வெல்டிங்கா இல்ல வாக்கிங்கா?" என்று நச்சரித்தார். நேற்று சாயங்காலம் வயர்மேன் அதைக் கழற்றிவிட்டு நேராக இணைத்துக் கொடுத்தான். வேறு ரகம் ஒன்று வாங்கி வருகிறேன், அதுவரைக்கும் பாத்து வேலை செய்யுங்க என்றான். வேறு ரகம் இப்போதும் அவன் வண்டி டிக்கியில் பெட்டியோடு இருந்தது. இன்று சாயங்காலம் மாட்டுவதாக இருந்தான்.

முன்னறையில் பிளாஸ்டிக் நாற்காலிகள் வந்து சேர்ந்துவிட்டன. ஸ்டோர்காரர் தன் கையால் செய்த முதல் பொருளான இரும்பு ஸ்டூலும் அதில் ஒன்றாகப் போடப்பட்டிருந்தது. நாலு காலில் மூன்றுதான் தரையில் படும். யார் உட்கார்ந்தாலும் ஒரு பக்கம் சாயும். வழக்கமாக அதில் உட்காருபவர்கள் "அருமையா இருக்கே" என்று சொல்லிவிட்டு மெல்ல எழுந்துவிடுவார்கள். இன்று ஒரு பெரியவர் தெரியாமல் உட்கார்ந்து, ஆடி, சுவரைப் பிடித்துக்கொண்டார். யாரும் சிரிக்கவில்லை.

டிரைவர் வாசலில் நின்று, வருகிறவர்களுக்கெல்லாம் நடந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தார். நல்ல மனிதர். ஆனால் வாயில் கதை வந்தால் நிறுத்தத் தெரியாது.

"தடார்னு சத்தம். ஓடி வந்து பாத்தா மனுஷன் மிஷின்மேல கிடக்கிறாரு, கை வெடவெடன்னு உதறுது. அம்மா ஓடிப்போய் வீட்டு மெயினை இறக்கிட்டு வந்து தொடப் போனாங்க. நான்தான் கத்தினேன். தொடாதீங்க, அது தனி லைன், வீட்டு மெயினை இறக்கினாலும் அதுல கரண்ட் ஓடும்னு. மாப்பிள்ளை லைன் போட்ட அன்னிக்கே எங்கிட்ட விளக்கமா சொல்லியிருந்தாரு. சரி, அந்த மெயினை இறக்கலாம்னா பெட்டி பூட்டியிருக்கு. சாவி எங்கன்னா அவரு சட்டைப் பையில. அந்தச் சட்டையை எப்படிங்க தொடறது? கல்லை எடுத்துப் பூட்டை உடைக்கப் போனேன். அதுவும் இரும்புப் பெட்டி, அதுல கரண்ட் இருந்தா? கல்லைக் கீழ போட்டுட்டு மாப்பிள்ளைக்கு ஃபோன் அடிச்சேன். அவரு எங்கயோ ஊர்க்கோடியில வேலைல இருக்காரு. வர்றவரைக்கும் என்ன பண்றது? பாத்துக்கிட்டேதான் நின்னோம். ஆனா ஒண்ணு, நான் மட்டும் கத்தலேன்னா இன்னிக்கு இந்த வீட்ல ரெண்டு பேருங்க."

கேட்டவர்கள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்கள். நல்ல வேளை என்றார்கள். பிறகு மெல்லக் கண்ணைத் திருப்பி, மூலையில் நின்ற வயர்மேனைப் பார்த்தார்கள். பார்த்ததும் வேறு பக்கம் பார்த்தார்கள். யாராவது திட்டினால் தேவலை என்று அவனுக்கு இருந்தது.

திட்டுவதற்கு அவன் மனைவி இருந்தாள். அப்பாவின் முகத்தை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தவள், தண்ணீர் மாற்ற உள்ளே வந்தபோது அவனும் பின்னாலேயே போனான். அடுக்களையில் வேறு யாரும் இல்லை.

"நேத்து சாப்பிடும்போது சிரிச்சுக்கிட்டே சொன்னீங்களே" என்றாள். குரலை உயர்த்தவில்லை. "உங்கப்பா தொல்லை தாங்காம அந்த சுவிட்சைக் கழட்டிக் குடுத்துட்டேன்னு. நானும் சேர்ந்து சிரிச்சேன்."

"ஒரு நாளைக்குத்தானேன்னு..."

"ஒரு நாள்தான். ஒரு நாள் போதாதா?"

அவன் அவள் கையிலிருந்த பாத்திரத்தை வாங்கப் போனான். அவள் தரவில்லை.

"தம்பி வந்துக்கிட்டு இருக்கான். அவன்கிட்ட நீங்களே சொல்லுங்க. நான் சொல்ல மாட்டேன். என் வாயால சொல்ல மாட்டேன், எங்கப்பாவை யார் கொன்னதுன்னு."

தண்ணீரை மாற்றிக்கொண்டு போய்விட்டாள். பத்து வருஷமாக அவனோடு குடித்தனம் பண்ணுகிறவள். அவன் வேலைக்குப் போகும்போதெல்லாம் "பாத்து, கைய வெச்சுடாதீங்க" என்று ஒரு நாள் தவறாமல் சொல்லி அனுப்புகிறவள். அவன் சிங்க்கைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

பின்வாசல் வழியாக ஷெட்டுக்குப் போனான். எதற்குப் போகிறான் என்று அவனுக்கே தெரியாது. எங்கே கசிந்தது என்று தெரிந்தாக வேண்டும். அவ்வளவு கரி, உப்பு, கேபிள் எல்லாவற்றையும் தாண்டி எந்த ஓட்டை வழியாக அது வந்து அவரைப் பிடித்தது என்று கண்ணால் பார்த்தாக வேண்டும். கதவு வெளியே தாழ்ப்பாள் போட்டிருந்தது. தூக்கிக்கொண்டு போனபோது டிரைவர் மனைவி சாத்தியது. அதற்குப் பிறகு அந்தப் பக்கம் ஒரு குஞ்சுகூட எட்டிப் பார்க்கவில்லை. எட்டிப் பார்க்க எவனுக்குத் துணிச்சல் வரும்?

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். ஒட்டடைக் கம்பு தரையில் கிடந்தது. ஹோல்டர் மிஷின் பக்கத்தில் விழுந்து கிடந்தது. டெஸ்டரை எடுத்தான். மெயின் இறங்கியிருக்கிறது என்று தெரிந்தும் மிஷின் உடம்பில் வைத்துப் பார்த்தான். எர்த் ஒயரை இழுத்துப் பார்த்தான், உறுதியாக இருந்தது. மிஷினின் பக்கத்து மூடியைத் திறந்து முனைகளைப் பார்த்தான். கருகல் இல்லை, தளர்ச்சி இல்லை. மிஷினில் கை வைத்தான். குளிர்ந்து கிடந்தது. ஹோல்டரை எடுத்துப் பார்த்தான். அதில் மாட்டியிருந்த ராடு புத்தம் புதுசு, நுனி கருகவே இல்லை.

பிறகு மிஷினிலிருந்து வெளியே வரும் கேபிளைக் கையால் பிடித்துத் தடவிக்கொண்டே போனான். சாக்கெட் பக்கம் போக வேண்டிய கேபிள் சுவரில் மேலே ஏறியது. அவன் கையும் கூடவே ஏறியது.

சுவரில் ஸ்டோர்காரரின் பலகை. ஸ்டோரில் பழகிய பழக்கம், வீட்டிலும் விடவில்லை. ஒவ்வொரு சாமானுக்கும் ஓர் ஆணி. ஒவ்வோர் ஆணியைச் சுற்றியும் வெள்ளைப் பெயிண்டில் அந்தச் சாமானின் உருவம். சுத்தியல் படத்தில் சுத்தியல், இடுக்கி படத்தில் இடுக்கி. கண்ணாடி முகமூடி அதன் இடத்தில் இருந்தது. இரண்டு தோல் கையுறையும் அவற்றின் இடத்தில் இருந்தன. கடைசி ஆணியில், தன் படத்துக்குள் கச்சிதமாக, பிளக் தொங்கிக்கொண்டிருந்தது.

சாக்கெட்டின் மூடி சாத்தியிருந்தது.

அவன் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். யாராவது பிடுங்கி மாட்டியிருப்பார்களா? யார்? வாசலைத் தாண்டி யாரும் உள்ளே வரவில்லை. வந்தது அவனும், தூக்கும்போது டிரைவரும். அவன் ஓடிப்போய் மெயினை இறக்கினான், ஓடிவந்து அவரைத் தொட்டான். பிளக்கை அவனும் பார்க்கவில்லை. மெயினை இறக்கிவிட்டோம் என்ற நினைப்பில், அதற்குமேல் பார்க்க என்ன இருக்கிறது என்று விட்டுவிட்டான்.

அவர் வேலையையே ஆரம்பித்திருக்கவில்லை. காலையில் வந்திருக்கிறார், ராடை மாட்டியிருக்கிறார், ஹோல்டரைக் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறார். அப்போது நெஞ்சு பிடித்திருக்கிறது.

கசியவில்லை. எங்கேயும் கசியவில்லை. டிரிப் சுவிட்ச் இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். அவன் மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டான். அழுகை அப்போதுதான் வந்தது. வாயைக் கையால் பொத்திக்கொண்டு அழுதான். மாமா போய்விட்டார் என்ற துக்கமும், நான் கொல்லவில்லை என்ற நிம்மதியும் ஒன்றாக வந்தன. எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. நிம்மதிதான் அதிகம் என்று தோன்றியபோது வெட்கமாக இருந்தது, அப்படியும் அழுகை நிற்கவில்லை. முகத்தைச் சட்டையில் துடைத்துக்கொண்டு எழுந்தான். மனைவியிடம் சொல்ல வேண்டும், இப்பவே கையைப் பிடித்து இழுத்து வந்து காட்ட வேண்டும்.

கதவைத் தாழிட்டுவிட்டு ஏறக்குறைய ஓடினான்.

முன்னறையில் கட்டிலின் தலைமாட்டில் மனைவி இருந்தாள். அப்பாவின் தலைமுடியிலிருந்து எதையோ ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா இது, தலையெல்லாம்? காலர்ல, மீசையிலகூட."

"ஒட்டடை" என்றாள் மாமியார். "நான்தான். கம்பால தள்ளினேன்ல."

மனைவியின் விரல்கள் ஒரு கணம் நின்றன. பிறகு மறுபடியும் எடுக்க ஆரம்பித்தாள்.

மாமியார் நிமிர்ந்து வயர்மேனைப் பார்த்தாள். பக்கத்தில் வரச்சொல்லிக் கையை அசைத்தாள். அவன் போய்த் தரையில் உட்கார்ந்தான். காலையிலிருந்து அவள் யாரிடமும் நாலு வார்த்தை சேர்த்துப் பேசவில்லை.

"மாப்ள, உங்களைத்தான் கேக்கணும். உங்களுக்குத்தானே கரண்டைப் பத்தித் தெரியும்."

"சொல்லுங்க அத்தை."

"அவரு கை உதறுச்சு. என்னைப் பாத்துதான் உதறுச்சு. கண்ணு தெறந்துதான் இருந்துச்சு. வா வான்னு கூப்பிடற மாதிரி இருந்துச்சு." அவள் தன் வலது கையை நீட்டி, எப்படி என்று செய்து காட்டினாள். "நான் போகல. ஒரு எட்டுதான். போகல. எதிர்வீட்டுத் தம்பி தொடாத தொடாதன்னு கத்துது. நீங்களும் சொல்லியிருக்கீங்க, கரண்ட் பிடிச்சவங்களைக் கையால தொடக்கூடாதுன்னு. நான் கம்பை எடுத்துக்கிட்டு வந்து குத்தினேன். அப்புறம் உதறல் நின்னுடுச்சு. நின்ன பிறகும் நான் போகல."

"அத்தை..."

"தொட்டிருந்தா நானும் போயிருப்பேன்னு அந்தத் தம்பி சொல்லுது. எல்லாரும் அதையேதான் சொல்றாங்க. ஆனா அவங்களுக்கு என்ன தெரியும்?" அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். ஈரமாக, சில்லென்று இருந்தது அந்தக் கை. "அவரு உடம்புல கரண்ட் இருந்துச்சுல்ல மாப்ள? என்னால தொட்டிருக்க முடியாதுல்ல?"

அவன் வாயைத் திறந்தான். ஆணியில் தொங்கிய பிளக் அவன் கண்ணுக்குள் இருந்தது. ஓடிவந்தபோது நாக்கு நுனியில் இருந்த வார்த்தைகள் அப்படியே இருந்தன. கொஞ்சம் முன்னாடி கொண்டு வந்திருந்தா என்று டாக்டர் சொன்னதும் இருந்தது. பிளக் சொருகவே இல்லை அத்தை. கரண்டே இல்லை. அவர் கூப்பிட்டதுதான், நீங்கள் போய்க் கையைப் பிடித்திருக்கலாம், சட்டைப் பையில் சாவி இருந்தது, வேன் வாசலிலேயே இருந்தது. அதையெல்லாம் சேர்த்துத்தான் சொல்ல வேண்டியிருக்கும். பாதியை மட்டும் தனியாகப் பிரித்துச் சொல்ல வழியில்லை.

மனைவி ஒட்டடை எடுப்பதை நிறுத்திவிட்டு அவனையே பார்த்தாள்.

"இருந்துச்சு அத்தை" என்றான்.

"நெறய?"

"நெறய. தொட்டிருந்தா உங்களையும் இழுத்திருக்கும். நீங்க பண்ணினதுதான் சரி."

மாமியார் அவன் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு மூச்சை விட்டாள். காலையிலிருந்து பிடித்து வைத்திருந்த மூச்சு மாதிரி அது வந்துகொண்டே இருந்தது. அதன்பின் அவள் வாய்விட்டு அழ ஆரம்பித்தாள். அந்த வீட்டில் அன்றைக்கு அவள் அழுத முதல் அழுகை அது. பெண்கள் வந்து அவளைப் பிடித்துக்கொண்டார்கள்.

மனைவி அழவில்லை. "இவரே தன் வாயால சொல்லிட்டாரு" என்று மட்டும் சொன்னாள், யாரிடம் என்று இல்லாமல். கையிலிருந்த ஒட்டடையை உருட்டிக் கட்டில் காலுக்குக் கீழே போட்டாள்.

அப்போது வாசலில் கார் வந்து நின்றது. மைத்துனன். நாலு மணி நேரப் பயணத்தில் சட்டையெல்லாம் கசங்கியிருந்தது. அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் குலுங்கினான். அக்கா அவன் தலையைத் தடவிக்கொடுத்தாள். எழுந்தவன் நேராக வயர்மேனிடம் வந்தான். கண் சிவந்திருந்தது.

"எல்லாம் கேள்விப்பட்டேன் மச்சான். வர்ற வழியெல்லாம் ஃபோன்ல இதான். அந்த லைனை நான் பாக்கணும். எங்க தப்பு நடந்துச்சுன்னு எனக்குத் தெரியணும்."

"பாக்கலாம்பா. சாயங்காலம் ஆகட்டும், வண்டி வந்து..."

"இல்ல, இப்பவே. அப்பாவை எடுக்கறதுக்கு முன்னாடி."

டிரைவரும் எழுந்துவிட்டார். "வாங்க தம்பி, நான் காட்டறேன். எங்க கிடந்தாரு, எப்படிக் கிடந்தாருன்னு நான் காட்டறேன்." இன்னும் இரண்டு பேர் கூடவே எழுந்தார்கள். பெண்கள் பக்கமிருந்து மாமியாரும் தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

வயர்மேன் சாவிக்கொத்தைக் கையில் எடுத்துக்கொண்டான்.

"கொஞ்சம் இருங்க. யாரும் வர வேண்டாம். நான் முதல்ல போய், கரண்ட் எங்கயாவது நிக்குதான்னு பாத்துட்டுக் கூப்பிடறேன்."

எல்லோரும் அப்படியே நின்றுவிட்டார்கள். கரண்ட் விஷயத்தில் அவன் சொன்னால் மறுபேச்சு இல்லை. மைத்துனன்கூட நின்றுவிட்டான்.

மீட்டர் பெட்டிக்குப் போனான். பூட்டு திறந்தபடியே இருந்தது, கைப்பிடி கீழேதான் இருந்தது. அதைத் தொடாமல் ஷெட்டுக்கு நடந்தான். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். ஆணியிலிருந்து பிளக்கை எடுத்தான். நல்ல கனமாக இருந்தது. அவனே பார்த்துப் பார்த்து வாங்கிய பிளக்தான். சாக்கெட் மூடியைத் தூக்கிப் பிளக்கை உள்ளே அழுத்தி, வளையம் பூட்டுகிறவரை திருகினான். இழுத்துப் பார்த்தான். வரவில்லை.

பலகையில் கடைசி ஆணி காலியாக இருந்தது. அதைச் சுற்றி வெள்ளைப் பெயிண்டில் பிளக்கின் படம் மட்டும் இருந்தது. அவன் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு கதவைத் திறந்தான்.

"வாப்பா உள்ள" என்றான். "எதை வேணாலும் தொடலாம். பயமில்ல."